ஆரம்பப் பாடசாலையும் தொழில் முயற்சியும்

புதுச்சேரியினின்று கடலூர்க்குச் செல்லும் பெருஞ்சாலையில், அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றையும் கடந்து தெற்கே சிறிது தூரம் சென்றால் தவளக்குப்பம் எதிர்ப்படும். மேற்கே வயலூர்கள், கிழக்கே நல்லவாடு முதலிய கடற்கரையூர்கள். ஆதலின் மாலைப்பொழுதில் சாலைச்சந்தியின் ஓரத்தே கீரைக்கட்டும் மீன்கூடையும் பூச்சரமும் அருகருகே இருக்கக் காணலாம். சென்ற ஆண்டு ஒருநாள் அவ்விடத்துப் பேருந்திற்குக் காத்து நின்ற நாம், பொழுது போக்குதற்பொருட்டுக் கீரை வாங்கப் புகுந்தோம். விற்பவளாகிய தாய் எங்கோ எழுந்து சென்றிருந்தாள்; அவளிடத்தில் ஒன்பது வயதிருக்கும் சிறுமி ஒருத்தி அமர்ந்திருந்தாள். கட்டு 15 ரூபாயாக மூன்று கட்டுக் கீரையும், நான்கு 20 ரூபாயாக ஆறு எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு 200 ரூபாய்த் தாளை நீட்டினோம். நாம் மனத்துள் கூட்டி முடிக்குமுன்னரே அக்குழந்தை 125 ரூபாயை எண்ணி நம் கையில் வைத்துவிட்டாள்.

கற்பிக்குந் தொழிலின் பழக்கம் நம்மை எளிதில் விடுவதில்லை. பையிலிருந்த தாளொன்றை எடுத்து, அதில் 200 என்றும் அதன்கீழ் 75 என்றும் எழுதிக் கழிக்குமாறு சொன்னோம். அவள் நெடுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்து 275 என விடை எழுதினாள். சைபரில் ஐந்து போகாதெனின் ஐந்தில் சைபர் போகுமன்றோ? ஏழிற்கும் அவ்வாறே வழி கண்டாள் போலும். ‘பாப்பா, இப்பொழுதுதானே எமக்கு 125 ரூபாய் மீதி கொடுத்தாய்?’ என்றோம். ‘அது யாவாரம், இது கணக்குங்க ஐயா’ என்று மறுமொழி கூறிவிட்டு, அடுத்து வந்தவர்க்குக் கீரை எடுக்கத் திரும்பிவிட்டாள்.

இது அச்சிறுமி ஒருத்தியின் குறையன்று. கல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைக் கடைகளில் வேலை செய்யும் சிறுவர்களை ஆராய்ந்து, நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் எழுதிய கட்டுரை 2025-ஆம் ஆண்டில் நேச்சர் என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. சந்தைச் சிறுவர் சிக்கலான கொடுக்கல் வாங்கலை மனக்கணக்காகவே முடித்துவிடுகின்றனர். அவ்வெண்களையே பாடப்புத்தக வடிவிற் கொடுத்தால் தடுமாறுகின்றனர். வேலைக்குச் செல்லாது பள்ளியில் மட்டும் பயிலும் சிறுவரோ புத்தகக் கணக்கை ஓரளவு செய்கின்றனர். சந்தைக் கணக்கின் முன் திகைத்து நிற்கின்றனர். பிரேசில் நாட்டு ரெசிபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985-இல் வெளிவந்த ஆராய்ச்சியும் இதனையே கூறிற்று. குழந்தையின் அறிவு ஒன்றாயிருப்ப, அதனை நாம் நடுவே சுவரெழுப்பி இரண்டறையாக்கி வைத்திருக்கின்றோம்.

இச்சுவரை எண்ணாமல், இக்காலத்தில் பலர் ‘தொழில்முனைவு’ என்னும் சொல்லை ஆரம்பப் பாடசாலைக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்று பேசுகின்றனர். வேலை தேடுவாரை ஒழித்து வேலை தருவாரை ஆக்கவேண்டும் என்பது அவர்கள் வாக்கு. அச்சொல்லைக் கேட்டவுடன் நம் நண்பருட் சிலர் முகஞ்சுளிக்கின்றனர், சிலர் கைதட்டுகின்றனர். நாம் அவ்விரு திறத்தாரோடும் முற்றும் உடன்படுதற்கில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை முதலாளியாக்கும் திட்டம் எதுவாயினும் அது நகைப்பிற்கிடம். ஆயினும், தான் செய்யும் ஒரு காரியத்திற்கு என்ன செலவாயிற்று, என்ன வந்தது, ஏன் குறைந்தது, அடுத்த முறை எதனை மாற்றலாம் என்று தானே எண்ணித் துணியும் பழக்கம் அப்பிள்ளைக்கு வேண்டும் என்றே கருதுகின்றோம்.

நம் நாட்டுப் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இச்சுவர் இருந்ததில்லை. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனனஞ்செய்த பாடங்கள் யாவும் நிறையும் முகத்தலும் நிலவளவுமாகிய ஊர்க்காரியங்களோடு பிணைந்தவை. முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கு வரை பின்னங்களைச் சிறுவர் வாய்ப்பாடமாக அறிந்திருந்தனர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த செந்தில் பாபு என்பவர் இத்திண்ணைக் கணிதத்தை ஆராய்ந்து 2022-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டுள்ளார். ஆசிரியராக விரும்பும் மாணாக்கர் அதனைப் படிப்பது நலம். ஆயினும் அத்திண்ணையைப் பற்றிப் பெருமூச்செறிவார்க்கு ஒன்று நினைவூட்ட விரும்புகின்றோம். அத்திண்ணையில் ஏற இடம் பெற்றவர் யாவர்? மேலே நாம் கண்ட கீரைக்காரச் சிறுமிக்கு அங்கே இடமிருந்திராது. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகட்கு அத்தெருவிற் செல்லவே உரிமை இல்லாத ஊர்கள் பல.

கல்வி ஓரிடத்தும் தொழில் மற்றோரிடத்துமாக நிற்றல் இப்பக்கத்து மண்ணுக்கே பழக்கமாயிற்றோ என்றும் சிலபொழுது எண்ணுகின்றோம். தவளக்குப்பத்திற்கு வடக்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கின்றது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் துரை அங்கே அகழ்ந்து, உரோமாபுரியினின்று வந்த சாடிகளின் உடைசல்களையும் இத்தாலிய நாட்டு மட்கலங்களையும் கண்டெடுத்தார். கண்ணாடியிலும் பலநிறக் கல்லிலும் மணி செய்து துளையிட்டுக் கடல் கடந்து அனுப்பிய கைவினைஞர் அங்கே வாழ்ந்தனர். தெற்கே பாகூரில், பற்பல நூற்றாண்டுகளின் பின், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டிலே, வித்தியாஸ்தானம் ஒன்று விளங்கிற்று. அதற்கு மூன்று ஊர்களை வழங்கிய செய்தி நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேட்டிற் காணப்படுகின்றது. அங்கே சாத்திரங்கள் ஓதப்பட்டன. இங்கே மணிகள் உருட்டப்பட்டன. மணி உருட்டியவன் தன் கைத்திறனைப் பற்றி எழுதிவைத்த ஓலை ஒன்றும் நமக்குக் கிடைத்திலது. எழுதிய வணிகர் நமக்கு இல்லாமற் போகவில்லை. துய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் கப்பற்சரக்கும் விலையும் கடனும் வழக்கும் நிரம்பக் கிடக்கின்றன. ஆயினும் அவர் செல்வர். ஊரில் நூற்றுக்கு ஒருவர் என்று சொல்லவுந் தகார்.

நிற்க. ஆரம்பப் பாடசாலையில் தொழிற்பயிற்சி என்றவுடன் தமிழ்நாட்டில் எழும் பேரச்சம் ஒன்று உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிட்டு மேற்செல்லுதல் முறையன்று.

சென்னை இராச்சியத்தில் 1953-ஆம் ஆண்டு ராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளில் ஒரு மாற்றம் புகுத்தப்பட்டது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளியிற் பயில்வர்; எஞ்சிய பொழுதில் தம் பெற்றோர் செய்யுந் தொழிலைக் கற்றுக்கொள்வர். பள்ளிக்கூடங்கள் போதாமையால் ஒரே கட்டடத்தில் இரு பிரிவாகப் பிள்ளைகளைச் சேர்த்தற்கு அது வழி என்று அரசினர் கூறினர். மக்களோ அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர். வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் வனையவும், வக்கீல் மகன் மட்டும் வக்கீலாகவும் இத்திட்டம் செய்யும் என்று பெரியார் ஈ.வெ.ரா. முதலியோர் கிளர்ச்சி செய்தனர். அடுத்த ஆண்டு ராஜாஜி பதவி விலகக் காமராசர் முதலமைச்சரானார். திட்டம் 1954-இல் கைவிடப்பட்டது. தவளக்குப்பம் அக்காலத்துப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையின் அத்திட்டம் அவ்வூர் எல்லைக்குள் வரவில்லை. ஆயினும் எல்லைக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் உள்ள கடலூர்ப் பக்கத்து ஊர்களில் எழுந்த கூக்குரல் இவ்வூரார் செவிக்கும் எட்டியே இருக்கும்.

அக்கூக்குரல் நியாயமானதே என்பது நம் கருத்து. அரை நாட் பள்ளியினால் இழப்பு யாருக்கு? வீட்டில் நூல் இருந்தவன் பிள்ளைக்கு அன்று. வீட்டில் வலையும் மண்வெட்டியுமே இருந்தவன் பிள்ளைக்கு. தொழிலைக் கற்பித்தல் குற்றமன்று. இன்னார் பிள்ளைக்கு இன்ன தொழில் என்று முன்கூட்டி வகுத்துவிட்டதே குற்றம். இன்று தொழில்முனைவு என்று புதுப்பெயரிட்டுக் கொண்டுவரும் திட்டத்தையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். செல்வர் பயிலும் பள்ளியில் ‘முனைவு’ என்றால் கணிப்பொறியும் புதுக்கண்டுபிடிப்பும். நல்லவாட்டுப் பிள்ளைக்கு ‘முனைவு’ என்றால் ஊறுகாயும் மெழுகுவத்தியும் என்று ஆகுமேல், பழைய குலக்கல்வியே புதிய சட்டையணிந்து வந்ததாகும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் நம் நாட்டிலேயே உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சார்ந்த மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியபொழுது, எழுத்தோடு பின்னல் சரிகை வேலையையும் கற்பித்தார். அது அப்பெண்களின் தாய்மார் செய்த தொழிலன்று. குலம் வகுத்துக் கொடாத ஒன்றைக் கையில் பெற்றதனாலன்றோ அப்பெண்கட்குத் தம் சம்பாத்தியம் என ஒன்று உண்டாயிற்று? பிற்காலத்தில் அவ்வேலையின் இலாபம் யார் யாரைச் சேர்ந்தது என்பது வேறு விசாரணை.

காந்தியடிகளின் ஆதாரக் கல்வியையும் ஈண்டுக் கூறாது விடல் இயலாது. 1937 அக்டோபரில் வார்தாவிற் கூடிய மாநாடு, கைத்தொழிலை நடுவில் வைத்து ஏனைப் பாடங்களை அதனின்று கிளைக்கச் செய்யும் முறையை ஏற்றுக்கொண்டது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈடுசெய்யலாம் என்றும் அடிகள் நம்பினார். ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவோ திட்டத்தை விரித்து எழுதும்போதே ஓர் எச்சரிக்கையும் செய்தது: வருமானத்தில் கண் வைத்தால் கல்வி கெடும் என்பது அதன் கருத்து. எத்துணை ராட்டுகள் சுழன்ற பள்ளிகளில் இவ்வெச்சரிக்கை மறக்கப்பட்டது என்பதை வயது முதிர்ந்த ஆசிரியரைக் கேட்டாற் கதைகதையாகச் சொல்வர்.

இவ்வச்சம் பழங்கதை என்று தள்ளற்பாலதன்று. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அரசினர் பள்ளிகளில் சிறுவர்க்குச் சேமிப்பும் பண நிர்வாகமும் கற்பித்து ஒரு சோதனை செய்யப்பட்டது. அதன் முடிவு 2018-இல் அச்சாயிற்று. சில பள்ளிகளில் பணப்பாடம் மட்டும். வேறு சில பள்ளிகளில் பணப்பாடத்தோடு குழந்தைகளின் உரிமையும் பிறரோடு கூடி வாழ்தலுமாகிய பாடமும் கற்பிக்கப்பட்டன. இருவகையிலும் பிள்ளைகள் பள்ளியிற் சேமிக்கக் கற்றனர். ஆயின் பணப்பாடம் மட்டும் பயின்ற பிள்ளைகள், ஒன்றும் பயிலாத பிள்ளைகளைவிட மிகுதியாக வேலைக்குச் செல்லத் தலைப்பட்டனர்! இரண்டாம் வகையில் அவ்வாறு காணப்படவில்லை. இரு வகைக்கும் உள்ள வேறுபாடு உறுதிப்படுமளவு பெரிதன்று என்று ஆராய்ச்சியாளரே அடக்கத்தோடு கூறியிருப்பினும், பிள்ளையிடம் பணத்தைப் பற்றி மட்டும் பேசினால் அது பணத்தைத் தேடிப் புறப்படும் என்பது நமக்கு வியப்பளிக்கவில்லை. உரிமையையும் சேர்த்துக் கற்பித்த இரண்டாவது பாடமுறைக்கு அஃப்லாதூன் என்று பெயர். அதன் வேர் நம் நாட்டிலேயே, பம்பாயில், ஜெரூ பில்லிமோரியா என்னும் பெண்மணி 1991-இல் தொடங்கிய மேல்ஜோல் என்னும் சங்கத்தில் இருக்கின்றது.

நெதர்லாந்து தேசத்தில், ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகள் சிறு கம்பெனிகளாகப் பிரிந்து பொருள் செய்து விற்கும் பாடமுறை ஒன்று சோதிக்கப்பட்டு 2014-இல் முடிவு வெளிவந்தது. வாணிகத்தைப் பற்றிய அறிவு அப்பிள்ளைகளிடம் வளரவில்லை. தன்னம்பிக்கை, விடாமுயற்சி, துணிந்து ஒன்றைத் தொடங்கும் ஆற்றல் போன்ற குணங்களோ தெளிவாக வளர்ந்தன. இதனை நாம் பெரிதும் மதிக்கின்றோம். திருவள்ளுவர் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை என்று தனித்தனி அதிகாரம் வகுத்தது இக்குணங்கட்கே அன்றோ? ‘மூலதனம்’, ‘விளம்பரம்’ என்னும் சொற்களைக் குழந்தைக்கு மனப்பாடஞ் செய்விப்பதனால் பயனில்லை என்பதும் இதனாற் போதரும். தில்லி அரசினர் 2019-இல் தொடங்கிய தொழில்முனைவுப் பாடம் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கே அமைந்தது. மேல்வகுப்பினர்க்கு முதலாக ரொக்கமும் கொடுத்தனர். அவ்வயதினர்க்கு அது தகும். எட்டு வயதுக் குழந்தையின் கையில் முதல் கொடுத்து இலாபம் காட்டு என்பது கொடுமை.

அங்ஙனமாயின் தவளக்குப்பத்தைப் போன்ற ஊரின் ஆரம்பப் பாடசாலையில் செய்யத்தக்கது யாது?

பள்ளியின் பின்புறத்தே நான்கு முழ அகலத்தில் ஒரு பாத்தி போதும். நான்காம் வகுப்பினர் அதில் சிறுகீரை விதைக்கட்டும். ஒரு மாதத்திற்குள் பறிக்கலாம். விதைக்கு எவ்வளவு, எருவுக்கு எவ்வளவு, யார் யார் எத்தனை நாள் நீர் வார்த்தனர் என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாடோறும் பிள்ளைகளே எழுதட்டும். பறித்த கீரையை வீட்டிற்குப் பகிர்ந்தாலும் சரி, ஆசிரியர்களே விலை கொடுத்து வாங்கிக்கொண்டாலும் சரி. சாலைச்சந்திக்கு அனுப்புதல் கூடாது. மழையில் பாத்தி அழுகிப்போனால் மிகவும் நல்லது. நட்டம் எவ்வளவு என்று அன்றைய கணக்கை எழுதச் செய்க! நட்டத்தை மறையாது எழுதிவைத்து, காரணம் ஆராய்ந்து, மறுபடி விதைக்கும் பிள்ளை ஒரு பெரும்பாடத்தைக் கற்றுவிட்டது. அந்நோட்டுப் புத்தகத்தில் 200-இன் கீழ் 75 எழுதப்படும்போது அது வியாபாரமும் ஆகும், கணக்கும் ஆகும். ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று நாம் பலகையில் கற்பிக்கின்றோம். தாளை மாற்றிச் சில்லறையாக்கும் அச்செயலை அச்சிறுமி ஒரு மாலைப்பொழுதில் நாற்பது முறை கையாற் செய்கின்றாள். இரண்டும் ஒன்றே என்று அவளுக்குச் சொல்வார்தாம் இல்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒரு படி மேலே செல்லலாம். மீன் விற்கும் தாய்மாரும் பூ விற்கும் தாய்மாரும் பெரும்பாலும் தண்டலுக்குப் பணம் வாங்குபவர். எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய்த் தண்டல் என்பான். 1,500-ஐ முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பான். நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். கையில் வந்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மிகுதி எவ்வளவு என்னும் இக்கணக்கைச் செய்ய ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் முடியும். மேற்பார்வைக்கு அது 100-க்கு 17 ரூபாய்ச் சொச்சம். முதல் நாள்தோறும் குறைந்து வருவதையும் எண்ணினால் உண்மை வட்டி ஏறக்குறைய அதன் இருமடங்கு, அதுவும் நூறே நாளைக்கு! இப்பின்கணக்கு உயர்ந்த வகுப்பிற்குரியது. முன்கணக்கு மட்டுமே அவ்வீட்டில் ஒரு நல்ல பேச்சைத் தொடங்கிவைக்கும். பொருளீட்டக் கற்பிப்பதற்கு முன்னர், ஈட்டியதைப் பிறர் கவராமற் காக்கக் கற்பித்தல் ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் முதலுபகாரம். ஒரு காலத்தில் நம் பள்ளிகளில் சஞ்சாயிகா என்னும் சிறுசேமிப்பு முறை நடந்தது பழைய மாணவர் பலர்க்கு நினைவிருக்கும். பிள்ளைகளே பேரேடு எழுதிய அம்முறையின் நன்மை இன்று வேறு வடிவிலேனும் திரும்புதல் வேண்டும்.

நிறையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு தராசைப் பள்ளியிற் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைகளே நிறுத்துப் பழகட்டும். கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் இருந்த வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. தட்டின்கீழ்ப் புளி ஒட்டும் வித்தையை எங்கே கற்றார்களோ, அதற்கு முன் நேர்நிறையைப் பிள்ளைகள் பள்ளியில் கற்றிருத்தல் நன்று.

வேறொன்றும் வேண்டும். ஆண்டுக்கு நான்கைந்து நாள் பிள்ளைகளைத் தம் பெற்றோர் தொழிலல்லாத தொழில்களைப் பார்க்க அழைத்துச் செல்லுதல் வேண்டும். மீனவர் பிள்ளை அச்சுக்கூடத்தையும், உழவர் பிள்ளை படகு செப்பனிடும் இடத்தையும், கடைக்காரர் பிள்ளை மருந்தாய்வுச் சாலையையும் காணட்டும். அங்கே உள்ளாரைக் கேள்வி கேட்கட்டும். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப்பையின்றித் தொழிலிடங்களைக் காணும் ஏற்பாட்டைக் கூறுகின்றது. ஊரிலுள்ள தச்சரிடமும் குயவரிடமுமே அந்நாட்களைக் கழித்துவிட்டால் காரியம் எளிது, அவ்வெளிமையே ஆபத்து. 1953-இன் நினைவு இங்கே துணைசெய்யும்.

சட்டமும் ஒன்று உண்டு. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதிற்குட்பட்டாரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்கின்றது. பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவுதலை விலக்கி வைத்திருக்கின்றது. அவ்விலக்கின் வழியே நுழையும் வேலை எவ்வளவு என்பதை மாலைநேரத்துச் சாலைச்சந்திகள் காட்டும். அக்குழந்தைகளைத் துரத்துவதால் அவர்கள் வீட்டு அடுப்பு எரியாது. ஆனால் பள்ளியும் அவர்களை வேலைக்கு ஆயத்தஞ் செய்யும் இடமாகிவிட்டால் அவர்கட்குப் புகலிடமே இல்லை.

இவையெல்லாம் ஆசிரியர் தலையில் ஏறும் சுமை என்று சொல்லப்படும். உண்மையே. ஆதலால், புதிய பாடம், புதிய புத்தகம், புதிய பரீட்சை மூன்றும் வேண்டா என்கின்றோம். இருக்குங் கணக்குப் பாடத்தில் வாரத்திற்கு இரண்டு மணி நேரம் பாத்தியருகே நடக்கட்டும். பரீட்சை வைத்தால் அன்றே அது மறுபடியும் ‘கணக்கு’ ஆகிவிடும்.

நம் கலாசாலையிற் பயின்று அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியராயிருக்கும் பழைய மாணவர் உளர். அவர்கள் தத்தம் வகுப்பில் 200-இல் 75 கழிக்கும் கணக்கை ஒரு முறை தாளிலும், ஒரு முறை மெய்யான நாணயங்களைக் கொண்டும் கொடுத்துப் பார்த்து, எத்தனை பிள்ளைகள் எவ்விடத்துத் தவறினர் என்பதை எழுதி அனுப்புவாராயின் அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். தாளைத் திருத்தி அனுப்ப வேண்டா. பிள்ளைகள் எழுதியபடியே அனுப்புக.